நியூசன்ஸ்: ஒரு சொல்லும் நமது உரிமையும்

சுவரில் ஒரு சொல்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட சுவர். அதன் ஓரமாக ஓர் அம்மா கூடையில் பழம் வைத்து விற்கிறார். சுவரில் கறுப்புப் பெயிண்டால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். கற்போர் மையத்தில் படித்தவர். ஆங்கில எழுத்துகளை இப்போதுதான் கற்று வருகிறார். தினமும் அந்தச் சுவரைப் பார்க்கிறார். எழுத்து எழுத்தாகக் கூட்டுகிறார். பொருள் மட்டும் புரியவில்லை.

பக்கத்துப் பேப்பர் கடைப் பையனிடம் கேட்கிறார்.

"தம்பி, இது என்ன எழுதியிருக்கு?"

"கமிட் நோ நியூசன்ஸ் அம்மா."

"அப்படின்னா?"

"நியூசன்ஸ் செய்யாதீங்கன்னு அர்த்தம்."

"நியூசன்ஸ்னா?"

"தொல்லை அம்மா. இங்கே யாரும் ஒண்ணுக்குப் போகக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"இங்கே போகாதேன்னு எழுதியிருக்காங்க. சரி. எங்கே போகணும்னு எழுதலையே தம்பி? காலையிலே வந்தா ராத்திரி வரைக்கும் நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கேன்."

இப்படி ஒரு பேச்சு எந்த ஊரிலும் நடக்கலாம். அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் 'நியூசன்ஸ்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டு எழுத்துச் சொல்

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எட்டு எழுத்துகள். என், யூ, ஐ, எஸ், ஏ, என், சி, இ. இதில் மூன்றாவது எழுத்து 'ஐ'. எழுதும்போது அது உண்டு. சொல்லும்போது அதன் ஒலி வராது. ஆகவே எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இந்தச் சொல்லில் தடுமாறுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இந்தச் சொல்லைத் தப்பாக எழுதுவது உண்டு.

இது எங்கிருந்து வந்தது? பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வந்து சுமார் 600 ஆண்டுகள் ஆகின்றன. இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அந்த வேருக்குப் பொருள் 'தீங்கு செய்தல்'. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் 'இன்னொசென்ட்'. அதற்குப் பொருள் தீங்கு செய்யாதவர், குற்றமற்றவர்.

ஆக, தொடக்கத்தில் 'நியூசன்ஸ்' என்றால் தீங்கு. அது கனமான சொல். காலம் போகப் போக மக்கள் பேச்சில் அது லேசாகிவிட்டது. வெறும் தொல்லை, தொந்தரவு, இடைஞ்சல் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. சட்டப் புத்தகத்தில் மட்டும் அதன் பழைய கனம் இன்றும் குறையவில்லை.

பேச்சில் வரும்போது

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்போம்.

மழை நேரத்தில் குடை உடைந்துவிட்டது. "வாட் எ நியூசன்ஸ்!" என்பார்கள். 'என்ன தொல்லை இது!' என்று பொருள்.

பிள்ளை வேலை செய்ய விடாமல் நச்சரிக்கிறது. "டோன்ட் பி எ நியூசன்ஸ்" என்பார்கள். 'தொந்தரவு பண்ணாதே' என்று பொருள்.

கொசு அதிகமாகிவிட்டது. செய்தித்தாளில் 'மஸ்கிட்டோ நியூசன்ஸ்' என்று எழுதுவார்கள். 'கொசுத் தொல்லை' என்று பொருள். குரங்குத் தொல்லை, நாய்த் தொல்லை எல்லாவற்றையும் இப்படியே எழுதுவார்கள்.

இதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. 'அனாயன்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு 'எரிச்சல்' என்று பொருள். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? எரிச்சல் நம் மனதில் உண்டாவது. அது அனாயன்ஸ். அந்த எரிச்சலை உண்டாக்கும் பொருளோ செயலோ வெளியே இருக்கிறது. அது நியூசன்ஸ். ராத்திரி இரண்டு மணிக்கு ஒலிபெருக்கி அலறுகிறது. அந்த ஒலி நியூசன்ஸ். தூக்கம் கெட்டு நமக்கு வரும் எரிச்சல் அனாயன்ஸ்.

சுவரில் எழுதும்போது

சுவரில் எழுதியிருக்கும் வாசகத்துக்கு வருவோம். 'கமிட் நோ நியூசன்ஸ்' என்றால் 'எந்தத் தொல்லையும் செய்யாதே' என்பதே நேர்ப்பொருள். சுவரில் எழுதினால் அதற்கு 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்று பொருள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சிறுநீர் என்று வெளிப்படையாக எழுதக் கூச்சப்பட்டார்கள். ஆகவே இப்படிச் சுற்றி வளைத்து எழுதினார்கள். அங்கே சில பழைய சுவர்களில் இன்றும் இந்த வாசகத்தைப் பார்க்கலாம். ஆங்கிலேயர் போய்விட்டார்கள். வாசகம் நம் சுவர்களில் தங்கிவிட்டது.

நம் மொழிகளில் இந்தச் சுற்று இல்லை. இந்தியில் 'இங்கே சிறுநீர் கழிக்கத் தடை' என்று நேராக எழுதுகிறார்கள். தமிழிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைத்தால் பாதிப் பேருக்குப் புரியாது. புரியாத மொழியில் எழுதிவிட்டு, மீறிவிட்டார்கள் என்று திட்டுவதில் என்ன நியாயம்?

சட்டத்தில் வரும்போது

பேச்சில் லேசான இந்தச் சொல், சட்டத்தில் கனமானது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் 'பப்ளிக் நியூசன்ஸ்' என்று ஒரு குற்றம் சொல்லப்பட்டது. தமிழில் அதைப் 'பொதுத் தொல்லை' என்கிறோம். 2024 ஜூலை 1 முதல் அந்தப் பழைய சட்டம் போய்விட்டது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதிலும் 270-ஆம் பிரிவில் இந்தக் குற்றம் இருக்கிறது.

பொதுத் தொல்லை என்றால் என்ன? எளிய சொற்களில் இப்படிச் சொல்லலாம்.

ஒரு செயலால் பொதுமக்களுக்கோ, அந்த இடத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கோ பொதுவாகக் கேடு வருகிறது. அல்லது ஆபத்து வருகிறது. அல்லது எரிச்சல் வருகிறது. அந்தச் செயல் பொதுத் தொல்லை.

இதில் இரண்டு செய்திகளை நன்றாக மனதில் வையுங்கள்.

ஒன்று: தவறான செயலைச் செய்வது மட்டும் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டப்படி செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விடுவதும் இதில் சேரும். குப்பையைத் தெருவில் கொட்டுவது தொல்லை. குப்பையை அள்ள வேண்டியவர்கள் அள்ளாமல் விடுவதும் தொல்லைதான்.

இரண்டு: 'இதனால் கொஞ்சம் நன்மையும் இருக்கிறதே' என்று சாக்குச் சொல்ல முடியாது. தொழிற்சாலையால் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். அதற்காக அதன் நாற்றத் தண்ணீரைத் தெருவில் விடலாம் என்று ஆகாது.

ஒருவருக்கு மட்டும் வரும் தொல்லையும் உண்டு. பக்கத்து வீட்டுக் கழிவுநீர் நம் சுவரில் ஊறுகிறது. இது தெருவுக்கே வந்த தொல்லை ஆகாது. இதைத் 'தனியார் தொல்லை' என்பார்கள். இதற்குப் பேசித் தீர்வு காணலாம். முடியாவிட்டால் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு வரும் ஒவ்வொரு எரிச்சலும் சட்டத்தில் நியூசன்ஸ் ஆகிவிடாது. அக்கம்பக்கத்தில் குழந்தைகள் பகலில் விளையாடினால் சத்தம் வரத்தான் செய்யும். சாதாரண மனிதரால் தாங்க முடியாத அளவுக்குத் தொல்லை இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

ரத்லாம் நகரத்து மக்கள்

இனி அந்தப் பழக்கார அம்மாவின் கேள்விக்கு வருவோம். அதற்குப் பதில் கிடைத்தது ரத்லாம் என்ற நகரத்தில்.

ரத்லாம் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. டெல்லிக்கும் மும்பைக்கும் இடையில் ஓடும் ரயில்கள் நிற்கும் பெரிய சந்திப்பு. 'ரத்லாமி சேவ்' என்ற காரமான தின்பண்டம் இந்த ஊர்ப் பெயரால் நாடு முழுவதும் தெரியும்.

அங்கே ஒரு குடியிருப்புப் பகுதி. தெருவில் திறந்த சாக்கடை. மூடியும் இல்லை, ஒழுங்கான வாட்டமும் இல்லை. கழிவுநீர் தேங்கி நின்றது. கொசு பெருகியது. பக்கத்தில் இருந்த சாராய ஆலையிலிருந்து நாற்றமெடுத்த கழிவுநீரும் தெருவுக்கு வந்தது. அருகில் குடிசைப் பகுதி இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்குக் கழிப்பறை இல்லை. அவர்கள் வெளியில்தான் போக வேண்டியிருந்தது.

அந்தத் தெரு மக்கள் நகராட்சியிடம் சொன்னார்கள். பலன் இல்லை. 1972-ஆம் ஆண்டு அவர்கள் நடுவரிடம் புகார் கொடுத்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி கொடுத்தார்கள். 'நகராட்சி தன் வேலையைச் செய்யாமல் விட்டதால் பொதுத் தொல்லை உண்டாகிவிட்டது. அதை நீக்க உத்தரவிட வேண்டும்' என்று கேட்டார்கள்.

நடுவர் விசாரித்தார். புகார் உண்மை என்று கண்டார். தொல்லையை நீக்க ஆறு மாதத்துக்குள் திட்டம் போட வேண்டும் என்று நகராட்சிக்கு உத்தரவிட்டார்.

நகராட்சி ஒப்புக்கொள்ளவில்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போனது. செஷன்ஸ் நீதிமன்றம் நடுவரின் உத்தரவைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு சரி என்றது. நகராட்சி விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனது.

நகராட்சி சொன்ன காரணங்கள் என்ன?

"எங்களிடம் பணம் இல்லை" என்றது.

"இந்த இடம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதானே இங்கே குடிவந்தார்கள்? இப்போது எப்படிப் புகார் சொல்லலாம்?" என்றது.

இந்தக் காரணங்கள் நம் காதுக்குப் புதியவை இல்லை. எத்தனையோ அலுவலகங்களில் இதையே கேட்டிருக்கிறோம்.

1980 ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பை எழுதினார். நகராட்சியின் காரணங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. மக்களின் சுகாதாரத்தைக் காப்பது நகராட்சியின் அடிப்படைக் கடமை. பணம் இல்லை என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றம் உத்தரவும் போட்டது. ஆலைக் கழிவு தெருவுக்கு வருவதை நிறுத்த வேண்டும். சாக்கடை கட்ட வேண்டும். தண்ணீர் தேங்கும் குழிகளை மூட வேண்டும். கொசுவை ஒழிக்க வேண்டும்.

இன்னோர் உத்தரவுதான் முக்கியமானது. ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் போதுமான பொதுக் கழிப்பறைகளை ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும். அங்கே தண்ணீர் வசதி செய்ய வேண்டும். தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

எட்டு ஆண்டுகள் ஆயின. ஆனாலும் மக்கள் வென்றார்கள்.

யார் நியூசன்ஸ்?

இந்தத் தீர்ப்பை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.

குடிசை மக்கள் வெளியே போனார்கள். அது தெருவில் இருந்தவர்களுக்குத் தொல்லையாக இருந்தது. இது உண்மை. 'குடிசைகளை அகற்று, மக்களை விரட்டு' என்று நீதிமன்றம் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. 'கழிப்பறை கட்டு' என்று சொன்னது. மக்களைத் தொல்லை என்று அது நினைக்கவில்லை. கழிப்பறை இல்லாததையே தொல்லை என்று கண்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 'நியூசன்ஸ்' என்ற சொல்லைப் பலர் ஏழைகள் மேல்தான் வீசுகிறார்கள். தள்ளுவண்டிக்காரர் நியூசன்ஸ். நடைபாதையில் பூ விற்கும் பெண் நியூசன்ஸ். குடிசைவாசிகள் நியூசன்ஸ். இப்படி ஒரு சொல்லைச் சொல்லி ஆளையே அகற்றிவிடப் பார்க்கிறார்கள்.

தெருவோர வியாபாரிகளுக்கு இன்று தனிச் சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. தெருவில் வியாபாரம் செய்து பிழைப்பதை அது பாதுகாக்கிறது. ஒழுங்கும் செய்கிறது. வியாபாரிக்குச் சான்று கொடுக்க வேண்டும் என்கிறது. அவரை இடம் மாற்றவோ அகற்றவோ வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. பழக்கார அம்மாவும் இந்தச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாமும் சில வேளை பிறருக்குத் தொல்லையாக இருந்துவிடுகிறோம். அதையும் மறக்கக் கூடாது. திருமண வீட்டில் இரவெல்லாம் ஒலிபெருக்கி வைக்கிறோம். பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். நம் மகிழ்ச்சி அவர்களுக்கு நியூசன்ஸ்.

ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தன. அவற்றின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக் காலங்களில் மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை அனுமதி தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக வைக்கலாம். இந்த விதிகள் எல்லா மதத்தாருக்கும், எல்லாக் கட்சியாருக்கும் பொது.

இந்தப் பிரிவு எதற்கெல்லாம் உதவும்?

ரத்லாம் மக்களுக்கு உதவிய 133-ஆம் பிரிவு இன்று வேறு எண்ணில் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தில் 152-ஆம் பிரிவு அது. எண் மாறியது. உரிமை மாறவில்லை.

இந்தப் பிரிவின்படி மாவட்ட நடுவரிடமோ உட்கோட்ட நடுவரிடமோ போகலாம். உட்கோட்ட நடுவரை வட மாநிலங்களில் எஸ்.டி.எம். என்பார்கள். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் அல்லது ஆர்.டி.ஓ. என்பார்கள்.

எவற்றுக்குப் போகலாம்? சில எடுத்துக்காட்டுகள்:

1. பொது வழியை யாரோ அடைத்துவிட்டார்கள்.
2. ஆற்றையோ வாய்க்காலையோ மறித்துவிட்டார்கள்.
3. ஒரு தொழிலின் புகையோ கழிவோ மக்கள் உடல்நலத்தைக் கெடுக்கிறது.
4. பாதையோரக் கட்டடமோ மரமோ விழும் நிலையில் இருக்கிறது.
5. பாதையை ஒட்டிய கிணறு, குளம், பள்ளம் ஆகியவற்றுக்கு வேலி இல்லை. குழந்தைகள் விழும் ஆபத்து இருக்கிறது.
6. ஆபத்தான விலங்கை யாரோ கட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

ஐந்தாவதைப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் குழந்தை விழுந்து இறந்த பிறகு ஊர் கூடி அழுவோம். விழுவதற்கு முன்பே ஒரு மனு போட முடியும். அந்த மனு ஓர் உயிரைக் காக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் தொல்லைக்குக் காரணமானவரிடம் பேசுங்கள். பல தொல்லைகள் பேச்சிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது நிற்கும். மனுவின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் கேட்டு வாங்குங்கள்.

அதிலும் பலன் இல்லையென்றால் நடுவருக்கு மனு எழுதுங்கள். ஒருவராகப் போகாமல் பத்துப் பேராகக் கையெழுத்திடுங்கள். பொதுத் தொல்லை என்று காட்ட அது உதவும். முன்பு கொடுத்த மனுவின் நகலையும் சேர்த்து வையுங்கள். புகைப்படம் இருந்தால் இணையுங்கள்.

மனு இப்படி இருக்கலாம்:

பெறுநர்: உட்கோட்ட நடுவர் அவர்கள், ............

ஐயா / அம்மையீர்,

நாங்கள் ............ தெருவில் குடியிருக்கிறோம். எங்கள் தெருச் சாக்கடை ............ மாதமாக அடைத்திருக்கிறது. கழிவுநீர் தெருவில் தேங்குகிறது. கொசுவும் நாற்றமும் அதிகம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. ............ தேதியில் நகராட்சிக்கு மனு கொடுத்தோம். நடவடிக்கை இல்லை. இது பொதுத் தொல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி இதை நீக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தெரு மக்கள் (பெயர், முகவரி, கையொப்பம்)

மனு வந்ததும் நடுவர் விசாரிப்பார். தொல்லையை நீக்கு, அல்லது நேரில் வந்து காரணம் சொல் என்று எதிர்த் தரப்புக்கு உத்தரவிடலாம். அவர்கள் சொல்வதையும் கேட்பார். ஆகவே உண்மையை மட்டும் எழுதுங்கள். கூட்டி எழுத வேண்டாம். சொந்தப் பகைக்காகப் புகார் கொடுக்க வேண்டாம்.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம் இலவச சட்ட உதவி தருகிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் இதைக் கேட்டுப் பெறலாம். தொலைபேசி எண் 15100. இந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை.

மனு கொடுத்த மறுநாளே சாக்கடை சுத்தமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ரத்லாம் மக்கள் எட்டு ஆண்டுகள் விடாமல் நின்றார்கள். அவர்களின் வெற்றியால் இன்று நமக்கு வழி சுலபமாகியிருக்கிறது. 'பணம் இல்லை' என்று ஒரு நகராட்சி சொன்னால், 'ரத்லாம் வழக்கைப் பாருங்கள்' என்று நாம் சொல்லலாம்.

மறுபடியும் அந்தச் சுவர்

பழக்கார அம்மாவிடம் திரும்பிப் போவோம். சுவரில் அதே எழுத்து இருக்கிறது. 'கமிட் நோ நியூசன்ஸ்.' இப்போது அவருக்குப் பொருள் தெரியும்.

சுவரில் எழுதியவர் மக்களைப் பார்த்து 'தொல்லை செய்யாதே' என்கிறார். நாமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதே சொல்லை நாமும் திருப்பிச் சொல்லலாம். "இவ்வளவு பேர் வந்து போகும் இடம் இது. இங்கே ஒரு கழிப்பறை கட்டாமல் விட்டதும் நியூசன்ஸ்தான்" என்று சொல்லலாம். எழுதியும் கொடுக்கலாம்.

"தம்பி, ஒரு வெள்ளைத் தாள் கொடு" என்கிறார் அந்த அம்மா. "பக்கத்துப் பூக்கார அக்காவையும் கூப்பிடு. இன்னும் நாலு பேரையும் கூப்பிடு. நான் சொல்லச் சொல்ல நீ எழுத வேண்டாம். நானே எழுதறேன். தப்பு இருந்தா மட்டும் சொல்லு."

சொற்களை அறிவோம்

நியூசன்ஸ்: தொல்லை, தொந்தரவு, தீங்கு
அனாயன்ஸ்: எரிச்சல்
பப்ளிக் நியூசன்ஸ்: பொதுத் தொல்லை
பிரைவேட் நியூசன்ஸ்: தனியார் தொல்லை
நடுவர்: உத்தரவு போடும் அதிகாரம் உள்ள அதிகாரி, மாஜிஸ்திரேட்

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் தெருவில் இருக்கும் பொதுத் தொல்லை எது? அதற்கு யார் பொறுப்பு?
2. உங்கள் ஊரில் வேலி இல்லாத கிணறோ பள்ளமோ இருக்கிறதா?
3. நம் வீட்டு விழாவால் பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை வராமல் இருக்க என்ன செய்யலாம்?
4. ரத்லாமில் நீதிமன்றம் குடிசை மக்களை அகற்றச் சொல்லாமல் கழிப்பறை கட்டச் சொன்னது. இது சரியா? ஏன்?
5. மேலே உள்ள மனுவைப் பார்த்து, உங்கள் ஊர்த் தொல்லை பற்றி ஒரு மனு எழுதுங்கள்.